முக்காலணா மரியாதை

இளையபெருமாளை எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று ஊரில் சொல்வார்கள். சம்பூர்ணத்துக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். இருபது வருஷம் அவர்கூடக் குடித்தனம் நடத்திய மனைவி அவள். மனுஷன் வயிற்றைக் கட்டுகிறவர் இல்லை, வாயைக் கட்டுகிறவரும் இல்லை. செலவு என்று ஒன்று வந்தால் மட்டும் அதை நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார்.

அப்பேர்ப்பட்டவர் கொல்லிமலைக்குப் போவதாக வேண்டிக்கொண்டார் என்றால் அதற்குக் காரணம் செவலைக்காளை. மாசி மாதம் கோமாரி வந்து காளை படுத்துவிட்டது. ஏழு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. எட்டாம் நாள் இளையபெருமாள் தொழுவத்தில் நின்று, "அறப்பளீஸ்வரா, இது எழுந்துட்டா ஆடிப் பதினெட்டுக்கு நடந்து வந்து அருவியில முழுகுறேன்" என்று சொன்னார். காளை எழுந்துவிட்டது. தனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகுக் கஷாயத்தோடு முடித்துக்கொண்டவர், காளைக்கு மலையேறப் போனார்.

ஆனி பிறந்ததும் திட்டம் போட ஆரம்பித்தார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. கூடத்துத் தரைதான் அவருக்குக் காகிதம். ஆட்டுக்கல் கொல்லிமலை. கவிழ்த்து வைத்த குந்தாணி உரல் பச்சைமலை. சொம்பு பெரம்பலூர், படி துறையூர். அரியலூருக்கு மேற்கே ரெண்டு கல் தள்ளி இருக்கும் அவர்கள் ஊருக்கு வாசற்படியே அடையாளம். வாசற்படியிலிருந்து ஆட்டுக்கல் வரை புளியங்கொட்டையை வரிசையாக வைத்துக்கொண்டு போவார். ஒரு கொட்டை ஓரணா. பத்து நாளைக்குச் சம்பூர்ணம் சொம்பைச் சுற்றிப் பெருக்கி, குந்தாணியைச் சுற்றி மெழுகினாள்.

முதல் நாள் வைத்த வரிசையில் கொட்டை போதவில்லை. பெரம்பலூருக்குக் கரிப்புகையில் ஓடும் பஸ், அங்கிருந்து துறையூருக்கு இன்னொரு பஸ், மலையடிவாரத்துப் புளியஞ்சோலை வரை வாடகை வண்டி, ஓட்டல் சாப்பாடு. அரிசியைக் கட்டிக்கொண்டு போகலாம் என்றால் ரேஷன் காலம். ஜில்லா எல்லையில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இளையபெருமாள் வரிசையைக் கலைத்துக் கொட்டைகளை மறுபடி எண்ணினார்.

"நானும் வரேங்க" என்றாள் சம்பூர்ணம்.

"நீ எதுக்கு? கொட்டை இன்னும் ரெட்டிப்பாவும்."

"தம்பதியா முழுகுனா காளைக்கு நல்லதுன்னு கோயில்ல சொன்னாங்க."

காளை என்றதும் அவர் சம்மதித்துவிட்டார்.

கோயிலில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் வருகிறேன் என்றதற்குக் காரணமே வேறு. பூலாம்பாடியில் அவள் அக்கா பஞ்சவர்ணம் இருந்தாள். எட்டு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. அந்தப் பக்கம் வீரகனூர்ச் சந்தைக்கு மிளகாய் மூட்டை ஏற்றிப் போகும் அய்யாக்கண்ணு, போன வாரம் ஒரு சேதி கொண்டுவந்தார். அக்கா மகன் பாலசுந்தரத்துக்குப் பத்ராவதி இரும்பு ஆலையில் வேலை நிலைத்துவிட்டதாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆவணியில் குடும்பத்தோடு அங்கே போகிறார்களாம். பத்ராவதி எங்கே இருக்கிறது என்றுகூடச் சம்பூர்ணத்துக்குத் தெரியாது. அது மைசூர் சீமையில் என்று கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தாயில்லாத தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இந்த ஆடியில் பார்க்காவிட்டால் அப்புறம் எந்த ஜென்மத்தில் பார்ப்பது?

எட்டு வருஷப் பகைக்குக் காரணம் ஒரு போஸ்ட் கார்டு. அக்காவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு அக்கா வீட்டுக்காரர் அய்யம்பெருமாள் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்கவில்லை. முக்காலணாக் கார்டில் எழுதிப் போட்டுவிட்டார். கடைசியில், 'நேரில் வந்து சொல்ல சௌகரியப்படவில்லை. கார்டில் எழுதியதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று ஒரு வரி. பள்ளிக்கூடத்து வாத்தியார் வாசித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டிருந்த இளையபெருமாள், "எனக்கு முக்காலணா மரியாதைதானா? இனிமே அந்த வூட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று எழுந்தவர்தான். அவர் செய்தால் அது சிக்கனம். சகலை செய்தால் அவமரியாதை. இதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

கொட்டை போதாமல் போன அடுத்த நாள் சம்பூர்ணம் முறத்தோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அய்யாக்கண்ணு அண்ணன் வண்டி ஆடி பன்னெண்டுல வீரகனூருக்குப் போவுதாம். மூட்டை மேல உக்காந்துக்கிட்டா காசு கேப்பாரா?"

"அவன் எதுக்குக் கேக்கறான்? போன வருஷம் அவன் மாட்டுக்கு நான் வைக்கோல் குடுக்கலை?"

"அந்த வழியா போனா பச்சைமலை மேல ஏறி அந்தாண்ட இறங்குனா தம்மம்பட்டி. அங்கேருந்து கொல்லிமலை கூப்பிடு தூரம். மலை மேல ஊருங்க இருக்கு, படுக்க இடம் குடுப்பாங்க. அவல் இடிச்சுத் தரேன், பொரிமா பண்றேன். அவலை எந்த எல்லையில பிடிக்கிறான்?"

இளையபெருமாள் துறையூர்ப் படியை எடுத்து ஓரமாக வைத்தார். பஸ் கொட்டைகளை அள்ளி மடியில் போட்டார். மிஞ்சியது முப்பத்திரண்டு. ரெண்டு பேருக்கு ரெண்டே ரூபாயில் ரெண்டு மலை! அதைத் தனக்குப் பதினெட்டு, அவளுக்குப் பதினாலு என்று பங்கு பிரித்தார். ஆம்பளை வயிறு என்று நாலு கூடுதல். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைச் சம்பூர்ணம் மூத்த மகன் பிறந்த அன்றைக்குத்தான் பார்த்திருந்தாள்.

பெரம்பலூர்ச் சொம்புக்கும் பச்சைமலைக் குந்தாணிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அங்கே என்ன ஊர் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆடி பன்னிரண்டு விடிய வண்டி கிளம்பியது. அன்றைக்குப் பெரம்பலூரில் தங்கல். மறுநாள் கிருஷ்ணாபுரம், அரும்பாவூர் என்று போய், வெயில் சாயும் முன்பே பூலாம்பாடி வந்துவிட்டது. பச்சைமலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அவர்கள் அங்கே இறங்கி, காலையில் மலையேற வேண்டும். அய்யாக்கண்ணு வண்டியை ஓட்டிக்கொண்டு வீரகனூர்ப் பக்கம் போய்விட்டார்.

"பிள்ளையார் கோயில் மண்டபத்துல படுத்துக்கலாம். காத்து நல்லா வரும்" என்றார் இளையபெருமாள்.

மண்டபத்திலிருந்து பார்த்தால் நாலாவது வீடு அக்கா வீடு. வாசலில் குதிரும் பானையுமாகத் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துப் போட்டிருந்தார்கள். யாருக்கோ கொடுப்பதற்குப் போலிருக்கிறது. வழியில் நின்று அக்கா முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும் என்றுதான் சம்பூர்ணம் ஊரிலிருந்து புறப்பட்டாள். அந்தச் சாமான்களைப் பார்த்ததும் அது போதாது என்று தெரிந்துவிட்டது. அவள் அவல் மூட்டையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, வேண்டிக்கிட்டது நீங்க. நான் இங்க எங்க அக்கா வூட்டுல இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னது நீங்க. நான் சொல்லலை."

"தம்பதியா முழுகணும்னியே?"

"அது பொய்."

இருபது வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்து, ஊருக்கு நட என்று சொன்னால் நடக்க வேண்டியதுதான். அதுவும் அவளுக்குத் தெரியும். அதனால் அவருக்குப் புரிகிற ஒரே பாஷையில் மிச்சத்தையும் சொன்னாள்.

"என் பங்கு பதினாலு கொட்டை. அது உங்களுக்கு மிச்சம். அவலும் உங்க ஒருத்தருக்குத் தாராளமா வரும்."

இளையபெருமாள் மடியை அவிழ்த்தார். கொட்டைக்கு ஓரணாவாக முடிந்துவந்த காசைத் தரையில் கொட்டினார். பதினாலை எண்ணித் தனியாக ஒதுக்கினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ரெண்டு பங்கையும் தனித்தனி முடிச்சாக முடிந்துகொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

சம்பூர்ணம் போனாள்.

பஞ்சவர்ணம் பழைய அரிவாள்மனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வாசலில் நிழல் தட்டவும் நிமிர்ந்தாள். "ஏன்டி இப்படி எளைச்சுப்போயிட்ட?" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் போல. அப்புறம் ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அய்யம்பெருமாள் கொல்லையிலிருந்து வந்தார். விஷயம் கேட்டதும் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு என்னால வர முடியாமல்லாம் இல்லம்மா. உண்மையைச் சொல்லிடறேன். பஸ் சார்ஜ் பாத்தேன். கல்யாணச் செலவு கழுத்தை நெரிச்சுது. சகலைதானே, நம்ம ஆளுதானேன்னு நெனைச்சுட்டேன்."

"இப்ப மண்டபத்துலதான் இருக்காரு மாமா."

"வெறுங்கையோட போனா அது இன்னொரு கார்டுதான். காலையில முறைப்படி போறேன்."

விடிந்ததும் குளித்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு போனார். மண்டபம் காலியாக இருந்தது. மலைக்காரர்கள் நாலு பேரோடு கருக்கலிலேயே ஏறிவிட்டதாகப் பூக்கட்டுகிற அம்மாள் சொன்னாள். அய்யம்பெருமாள் தட்டோடு திரும்பி வந்தார்.

அடுத்த மூன்று நாளும் சம்பூர்ணத்துக்கு இருப்பும் கொள்ளவில்லை, இருந்ததும் வீணாகவில்லை. பகலில் அக்காவோடு சாமான் கட்டினாள். எட்டு வருஷக் கதையைப் பேசித் தீர்த்தார்கள். ஆனால் கண் அடிக்கடி மலைப்பக்கம் போயிற்று. வரும்போது அவர் இந்த வழியே வராமல் துறையூர் வழியாகத் தனியாக ஊருக்குப் போய்விட்டால்? வாழாவெட்டியாக நிற்கிற வயசா அவளுக்கு? மகன்களுக்கு என்ன பதில் சொல்வாள்?

பதினேழாம் தேதி தபால்காரர் வந்தார். தம்மம்பட்டி முத்திரை போட்ட கார்டு. சம்பூர்ணம் அதை வாங்கி அய்யம்பெருமாளிடம் நீட்டினாள். "என்னைக் கூட்டிட்டுப் போவ மாட்டேன்னுதான் எழுதியிருக்கும், படிங்க மாமா" என்றாள்.

அய்யம்பெருமாள் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'சகலை அய்யம்பெருமாளுக்கு இளையபெருமாள் சொல்லி எழுதியது. இவ்விடம் க்ஷேமம். ஆடி இருபத்தொன்றாம் தேதி உச்சிக்கு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன். நேரில் வந்து சொல்ல சௌகரியப்படவில்லை. கார்டில் எழுதியதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.'

கடைசி வரிக்கு வந்ததும் அய்யம்பெருமாளின் குரல் இறங்கிவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்பு தான் எழுதிய வரி. ஓர் எழுத்து மாறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் அதை எத்தனை நாள் மனசுக்குள் உருப்போட்டிருப்பார்! அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இருபத்தொன்றாம் தேதி காலையிலேயே தாம்பூலத் தட்டோடு மலையடிவாரத்துக்குப் போய் நின்றுவிட்டார். உச்சிக்குச் சற்று முன்பு ரெண்டு பேரும் தெருமுனையில் திரும்புவதைச் சம்பூர்ணம் பார்த்தாள். தட்டு இளையபெருமாள் கையில் இருந்தது. அவர் தலையில் சுமந்து வந்த பெரிய பலாப்பழம் இப்போது அய்யம்பெருமாள் தலையில் இருந்தது.

இளையபெருமாள் வாசற்படிக்கு முன்னால் நின்றார்.

"உங்க கார்டு முக்காலணா. என் கார்டு அரையணா. விலை இறங்கிப்போச்சு, நான் என்ன பண்றது? மரியாதையில காலணா குறைச்சல்தான் சகலை."

"இருந்துட்டுப் போவுது, உள்ள வாங்க" என்றார் அய்யம்பெருமாள், பழத்தின் கனத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல்.

இளையபெருமாள் வலது காலை வைத்து உள்ளே வந்தார். சம்பூர்ணத்திடம் ஒரு தேன் புட்டியை நீட்டினார்.

"பழம் ஆறணா, தேன் எட்டணா. உன் பங்கு தீந்துபோச்சு. வெறுங்கையோட வர முடியுமா?"

கொல்லிமலையிலிருந்து பச்சைமலை தாண்டி அந்தக் கனத்தைச் சுமந்து வந்திருக்கிறார். கூலி கொடுத்திருக்க மாட்டார் என்பது நிச்சயம். பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சுளை எடுத்தாள்.

கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த இளையபெருமாள் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"கொட்டையைத் தூர எறிஞ்சுடாதீங்க. எண்ணி ரெண்டு பங்கா வைங்க. பாதி எங்க வூட்டுக்கு. பாதி பத்ராவதிக்கு. அந்த ஊர்ல பலாக்கொட்டை கெடைக்குதோ என்னமோ."