பெரணியின் பழுப்புப் புள்ளிகள்

மலையடியில் படிந்த மஞ்சு இன்னும் கலையாது, கற்கூரைகளின்மேல் பாதி உறங்கியும் பாதி ஊர்ந்தும் கிடக்க, அக்கூரைகளுக்கான கரும்பலகைக் கற்களை மெல்லிய ஏடுகளாய்ப் பிளக்கும் பட்டறையினின்று உளியோசை மட்டும் மெல்ல எழுந்து தெருவெங்கும் உலவிய விடியற்பொழுது அது. படிப்போரே, அப்பட்டறையின் பின்சுவரில், செங்கல் இடுக்கொன்றைப் பற்றித் தழைத்திருந்த பெரணிச்செடியைத்தான் நீங்கள் காண வேண்டும்.

அதை நட்டவள் இன்று இவ்வுலகில் இல்லை. அக்காள் விட்டுச்சென்றவற்றுள் உயிருள்ளது அது ஒன்றே என்பதால், தங்கை அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். இலைகளின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிவரியாய் அரும்பக் கண்டு, பூச்சி பிடித்துவிட்டதென நெஞ்சம் பதறி, மாதக்கணக்காய்க் காலைதோறும் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையையும் துடைத்து, துணியைச் சுவரடியிலேயே அலசிப் பிழிந்துவந்தாள். புள்ளிகளோ விட்டபாடில்லை. அக்காளை இரண்டாம் முறையும் இழக்கப்போகிறோமே என்று அவள் உள்ளூர நடுங்கினாள்.

அன்று அக்காளின் கணவர், ஒரு சொல்லுக்கு இரு சொல் பேசாத கல்தச்சர், அப்போதுதான் பிளந்த பலகையொன்றை ஏந்திவந்து அதன்மேல் நீர் தெளித்தார். மங்கிய கல்லில், என்றோ புதைந்து கல்லாகிப்போன பெரணி இலையொன்றின் அச்சு தெளிந்து எழுந்தது. அதே நரம்பு, அதே நுனிச்சுருள், அதே பழைய வரிசையில் புள்ளிகள்.

"இதுக்குமா பூச்சி, அத்தான்?"

"நோயா இருந்தா, இந்தச் செடி கல்லாப் போன காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் பொழைச்சு வந்திருக்குமாம்மா?"

மலர் என்னும் ஒன்று மண்ணில் தோன்றுமுன்னரே, பறவையொலி அறியாத ஈரக்காடுகளில் இப்புள்ளிகளே வித்துத்தூளாய் உதிர்ந்து பெரணிக்குலத்தைப் பெருக்கின. அவர் அதைச் சுருக்கமாய்ச் சொல்ல, அக்காடு அவள் கண்முன் கனவுபோல் விரிந்து, பச்சை இருளாய் அசைந்து, மெல்ல மறைந்தது. மறைந்ததும் உண்மை சுட்டது.

"அப்போ நான் தினமும் துடைச்சது அதோட பிள்ளைங்களையா?"

அவர் சுவரடியைச் சுட்டிக்காட்டினார். அவள் நாள்தோறும் துணி பிழிந்த ஈரச்செங்கல்லில், பாசியென்று அவள் எண்ணியிருந்த பசுமைக்கிடையே, விரல்நக அளவில் பெரணியின் இளஞ்சுருள்கள் தலைநீட்டியிருந்தன. அவள் மண்டியிட்டு, அழுகையும் சிரிப்புமாய், அவற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழிப்பதாய் எண்ணி அவள் செய்ததெல்லாம் விதைப்பாகவே முடிந்தது. அன்பு அறியாமல் செய்த பிழையையும் மண் பொறுத்தருளியது.