பாட்டு போடாத கேசட்

பட்டுக்கோட்டையில் சைபுல்லா அண்ணன் ஸ்டூடியோ. கம்ப்யூட்டர் முன்னால் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். திரையில் அப்பா கன்னம் உப்ப டெனர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ ஏதோ ஒரு சினிமா டூயட். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவின் லட்சணம் இதுதான். மண்டபத்துச் சத்தத்தை மொத்தமாக அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். கெட்டிமேளத்துக்கே அந்தக் கதி என்றால் அப்பா எந்த மூலைக்கு?

அப்பா பெயர் காயாரோகணம், தரங்கம்பாடிக்காரர். கப்பல் வேலைக்குப் போனவர்களெல்லாம் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் வாங்கி வந்தபோது இவர் ஒரு சாக்ஸபோனையும் தலை நிறைய ஜாஸையும் கொண்டுவந்து இறங்கினார். இந்த ஜில்லாவில் ஜாஸ் வாசித்த முதல் ஆள் அவர்தான். யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ரிசப்ஷனில் கேட்ட பாட்டையெல்லாம் வாசித்துவிட்டு, பந்தி நடக்கும்போது தன் இஷ்டத்துக்கு ஒன்றை ஆரம்பிப்பார். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, ஏன் இப்படி இழுக்குறாரு?" என்பார்கள் இலை முன்னால் இருப்பவர்கள். எந்தக் கம்பெனியும் அவரைப் பதிவு செய்யவில்லை. மிச்சம் இந்தக் கல்யாண வீடியோக்கள்தான்.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. போன மாசம் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா, "உங்கப்பா வாசிக்கிறது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடி" என்றாள். யோசித்துப் பார்த்தேன், எனக்கும் மறந்திருந்தது.

"உங்கப்பா வாசிச்ச கல்யாணம் எல்லாத்துக்கும் நான் பாட்டு போட்டுட்டேம்மா. பூதலூர் மேகலா கல்யாணத்துக்கு மட்டுந்தான் போடல. நின்னுபோன கல்யாணத்துக்கு எந்தப் பாட்டப் போடுறது? அப்படியே அவங்க வீட்டுல குடுத்துட்டேன்" என்றார் சைபுல்லா அண்ணன்.

பூதலூருக்குப் போனோம். அந்த வீட்டில் போய் அந்த வீடியோவைப் போடு என்று எந்த முகத்தோடு கேட்பது? நான் வாசலிலேயே தயங்கினேன். அம்மா கேட்டுவிட்டாள்.

மேகலா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளாமல், தன் அப்பா விட்டுப்போன நிலத்தைத் தானே பார்க்கிறாள். உள்ளே போய், அந்தக் கேசட்டை ஏற்றி வைத்திருந்த பென்டிரைவை எடுத்து வந்தாள்.

"இத ஏம்மா இன்னும் வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"எங்கப்பா நடமாடுறது இதுல மட்டுந்தாங்க இருக்கு. மறுவருஷமே போயிட்டாரு."

டிவியில் மண்டபம் வந்தது, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ரிசப்ஷன். பிள்ளைகள் கூச்சல், நாற்காலி இழுக்கும் சத்தம். அப்பா சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடையில் மாப்பிள்ளை திடீரென்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். என்ன காரணமென்று இன்றுவரை தெரியாதாம். மேகலாவின் அப்பா கும்பிட்டபடி அவன் பின்னால் ஓடி, கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் சொல்வதைக் கேட்க மண்டபமே வாயை மூடிக்கொண்டது.

அப்போதுதான் அப்பா எழுந்து வாசித்தார்.

இதுதான். எப்படி மறந்தேன் இதை? கரகரப்பாக, அடிவயிற்றிலிருந்து, மூச்சு எங்கே எடுக்கிறார் என்றே தெரியாமல். அம்மா என் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கெஞ்சுறது ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னு வாசிச்சிருக்காரு" என்றாள்.

"தெரியுங்க." மேகலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா எங்கப்பா அங்க எனக்காக என்ன பேசினாருன்னு எனக்கும் கேக்காமப் போச்சு. திரும்ப ஒரு நாளும் அவரு அதப் பத்தி வாயத் தொறக்கல."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "சத்தத்தக் கொறச்சு வச்சுக் கேளேம்மா."

"எவ்வளவோ பாத்துட்டேங்க. கொறச்சா ரெண்டும் சேந்துதான் கொறையுது."

அவளே ரிமோட்டை எடுத்தாள். நிறுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தாள். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். மேகலா டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, தன் அப்பாவின் உதடுகளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அவை அசைய அசைய அவள் உதடுகளும் அசைந்தன.