பதினாறு பல்

சமையலறை மேசை மேல் என் சைக்கிளின் குடல் முழுவதும் பரப்பிக் கிடந்தது. கியர் கம்பி, ஏழு பல்சக்கரங்கள், கறுப்பு எண்ணெய் வழியும் செயின். அடுப்பை நெருங்க வழியில்லை. என் கணவன் டுவேன் தேவாலயத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு அதற்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அந்தச் சட்டையைத் துவைக்கப்போவது யார்? நான்தான்.

குளிர்காலத்தில் எங்கள் செயின்ட் பால் நகரத்தில் கியர் சைக்கிள் உருப்படாது. சாலையில் கொட்டுகிற உப்பும் பனிச்சேறும் உள்ளே புகுந்து கியர் இறுகிவிடும். நவம்பர் வந்தால் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு ஒற்றைக் கியராக்கிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்யச் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

"பின்னாடி இருபது பல்லு போடு. பள்ளிக்கூட மேடு ஏறணும்."

"இருபது. தலைல ஏத்திக்கிட்டேன், ஆர்லிஸ்."

பின்சக்கரத்தில் பல் கூடினால் மிதிக்க லேசு, குறைந்தால் கனம். இது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

ஒரு மத்தியானத்து வேலை வாரக்கணக்கில் இழுத்தது. முதலில் செயின் தொங்கியது. வெட்டினான், குட்டையாகிப் போனது. புதிதாக வாங்கினான், அதுவும் சரியில்லை என்றான். அதுவரை அவனே என்னை நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையற்கட்டில் காரில் கொண்டுபோய் விட்டான். ஓய்வு பெற்ற மனுஷன், எனக்கு முன்னால் எழுந்து, ஹீட்டர் போட்டு, காரில் உட்கார்ந்திருப்பான். வழியெல்லாம் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பனி தள்ளிய விதம், பல்வலி, அணில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சைக்கிளில் போகிற அந்த அரைமணி நேரம்தான் நாள் முழுவதிலும் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். அது எனக்கு வேண்டும். சோறு மாதிரி வேண்டும்.

"நாளைக்கு நான் சைக்கிள்லதான் போவேன். முடிச்சு வை" என்றேன். முடித்து வைத்தான்.

மறுநாள் பாதி மேட்டிலேயே மிதி நின்றுவிட்டது. எழுந்து நின்று மிதித்தேன். முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. இறங்கிக் குனிந்து பல்லை எண்ணினேன். பதினாறு. அப்போதுதான் பின்னால் ஒரு கார் விளக்கைச் சிமிட்டியபடி ஊர்ந்து வந்தது. எங்கள் கார்தான். கண்ணாடி இறங்கியது.

"ஏறலையா?" என்றான் டுவேன்.

"பதினாறு பல்லு போட்டிருக்க."

"அப்படியா? கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான்."

"பெட்டில பதினாறும் இருந்துச்சு, இருபதும் இருந்துச்சு. நான் பாத்தேன்."

பக்கத்தில் இருந்த இரண்டு கோப்பைகளையும் தொட்டுப் பார்த்தான். பிறகு, "காபி இருக்கு. ரெண்டு பேருக்கும்" என்றான்.

எங்கள் ஊரில் வேண்டியதை யாரும் வாய்திறந்து கேட்க மாட்டோம். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு கேக்கைக்கூட மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்போம். அதற்காக, வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்வதற்குப் பதில் அவள் சைக்கிளையா கெடுத்துவைப்பான் ஒருத்தன்? ஆத்திரமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"இறங்கு" என்றேன்.

"எதுக்கு?"

"நீ மிதி. நான் கார்ல வரேன்."

"வேலைக்கு நேரமாகுமே, ஆர்லிஸ்."

"ஆகட்டும். போட்டவனுக்குத் தெரியணும்ல."

இறங்கினான். ஏறி, எழுந்து நின்று, முழு எடையையும் போட்டு மிதித்தான். சைக்கிள் பனியில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நெளிந்துகொண்டு ஏறியது. நான் காரில் பின்னால் ஊர்ந்தேன். இரண்டு கோப்பைகளிலும் ஆவி பறந்தது. ஒன்றில் எனக்குப் பிடித்த அளவுக்குப் பால். நாலு மிதிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பி நான் வருகிறேனா என்று பார்த்தான். விழுந்து தொலைக்கப்போகிறாய், முன்னால் பார் என்று கையைக் காட்டினேன். நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு மறுபடியும் திரும்பினான்.