பிரகதாம்பாள் பார்க்காத திருப்பூர்

1

என் பையின் ஜிப் பிய்ந்துபோனதால் கிடைத்த கதை இது. இதைவிட உயர்வான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அமையவில்லை. திருவரங்குளத்தில் பள்ளிக்கூடம் விட்டுப் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்கையில் பை வாயைப் பிளந்தது. திருத்தாத வரலாற்றுத் தாள்கள் ரோட்டில் இறங்கி ஓடின. பொறுக்கி எடுத்துக்கொண்டு எதிரே இருந்த தையல்கடைக்குள் நுழைந்தேன். அங்கே பிரகதாம்பாள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சிரிக்கிறீங்க?"

"நான் பேய்ப்படத்துல நடிச்சிட்டேன் சார்."

ஜிப் மாற்றப் பத்து நிமிடம் போதும். நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ் போயிற்று. [எண்ணவில்லை. மூன்று என்றால் படிக்க நன்றாக இருக்கிறது.]

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு இரண்டு நிபந்தனை போட்டாள். கதையில் வருகிற ஆஸ்பத்திரி எந்த ஊர் என்று சொல்லக் கூடாது. எழுதுவதையெல்லாம் வாட்ஸப்பில் அவளுக்குப் படித்து அனுப்ப வேண்டும். பதிலும் குரலாகவே வரும். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

2

முதல் தொடக்கம்: இருள் கவிந்த அந்தப் பாழடைந்த கட்டடத்தின் ஜன்னல்களில்—

இல்லை. மணி காலை பதினொன்று, நல்ல வெயில். ஜன்னல்களில் கறுப்புப் பாலித்தீன் ஒட்டி இருட்டை உண்டாக்கியிருந்தார்கள். உள்ளே பேய் உட்பட எல்லோருக்கும் வியர்த்தது.

இரண்டாம் தொடக்கம்: பிரகதாம்பாள் அவர்களுக்கு நாற்பத்தேழு வயது. அவரது கண்களில் ஆழ்ந்த சோகம் ஒன்று—

பதில் வந்தது. "சோகமெல்லாம் இல்ல சார், கண்ணாடி பவர் மாத்தணும். அப்பறம் இந்த 'அவர்', 'அவரது'ல்லாம் வேணாம். வேற யாரையோ சொல்ற மாரி இருக்கு. 'அவ'ன்னே எழுதுங்க."

சரி. அவள்.

அவளுடைய கடைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வெற்றிசெல்வன் வந்தான். இருபத்தேழு வயது, இயக்குநர், முதல் படம். படத்தின் பெயர் 'உள்நோயாளி'. ஒரு மனநல மருத்துவமனை, நாலு கட்டில், நாலு நோயாளிகள், நாலு பேய்க்கதைகள். ஆலங்குடி ரோட்டில் மூடிக்கிடக்கும் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜைப் பிடித்து, 'மெக்கானிக்கல் லேப்' என்ற பலகையைத் 'தீவிரப் பிரிவு' என்று மாற்றி எழுதிவிட்டான். நோயாளிகளாக நிற்கச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் நாற்பத்திரண்டு பேர் தயார். அவர்களுக்கு உடுப்புத்தான் வேண்டும். ஆறு நாள் அவகாசம்.

காகிதத்தில் வரைந்து காட்டினான். கணுக்கால் வரை வெள்ளை அங்கி, முதுகில் திறப்பு, அங்கங்கே நாடா.

"இதப் போட்டுக்கிட்டு எப்பிடித் தம்பி உக்காருவாங்க?"

"உக்கார மாட்டாங்கக்கா. ஓடுவாங்க."

"நாள் பூராவா?"

கதைகளையும் சொன்னான். முதல் கதையில் நோயாளி டாக்டரைக் கொல்கிறான். இரண்டாவதில் நர்ஸை. மூன்றாவதில் ஒரு பெண்ணுக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் கேட்கிறது. அது சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டில்காரியைக் கொல்கிறாள். நாலாவதில் மிச்சமிருப்பவர்கள் ஒருவரை ஒருவர்.

"சோறு எப்பத் திம்பாங்க?" என்றாள் பிரகதாம்பாள்.

சொன்னபடியே தைத்தாள், ஒன்றைத் தவிர. ஒவ்வொரு அங்கியிலும் வலது பக்கம் ஒரு பாக்கெட் வைத்தாள். நாற்பத்திரண்டு அங்கி, நாற்பத்திரண்டு பாக்கெட்.

[ஏன் வைத்தாள் என்பதற்கு அரைப் பக்கம் எழுதினேன். 'ஆழ்மனம்' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. "கை வச்சிருச்சு சார், அம்புட்டுத்தான்" என்று பதில் வந்தது. அரைப் பக்கம் போயிற்று.]

3

இங்கே கதையை நிறுத்திவிட்டுத் திருப்பூரைச் சொல்ல வேண்டும். படப்பிடிப்புக்குப் போக அவசரப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இதைச் சொல்லாமல் போனால் அங்கே ஒன்றும் புரியாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பிரகதாம்பாள் எழுபத்து மூன்று நாள் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்தாள். ஊரில் இது அவள் கணவர் ஆத்மநாதனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆத்மநாதன் மினிபஸ் ஓட்டுகிறவர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். அப்பேர்ப்பட்டவர் அந்த எழுபத்து மூன்று நாளுக்காக ஒரு பனியன் கம்பெனியையே எழுப்பினார். திருப்பூரில், பாலத்துக்கு அங்கிட்டு, இரண்டாவது மாடியில். சூப்பர்வைசர் பேர் கணேஷ். கணேஷுக்குச் சர்க்கரை வியாதி. பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரிடமும் இதைச் சொன்னார். திரும்பி வந்த மனைவிக்கும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைத்தார். அவள் தன் பங்குக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடையைச் சேர்த்துக்கொண்டாள்.

திருப்பூரை அவள் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அங்கே வேலைக்குப் போகிற பெண்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். திரும்பி வந்து, "நீங்க சொன்ன கடைய இடிச்சிட்டாங்க போலக்கா" என்பார்கள்.

எதற்கு இவ்வளவு மறைப்பு என்று கேட்கலாம். தையல்காரியின் கையில் கத்திரிக்கோல் இருக்கிறது. அவள் முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அப்படி நம்பி நிற்பதுதான் பிரகதாம்பாளின் பிழைப்பு.

4

வியாழக்கிழமை காலை அங்கிகளோடு காலேஜுக்குப் போனாள். ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். வெற்றிசெல்வன் மெகாபோனைப் பிடித்துப் பாடம் நடத்தினான்.

"கண்ண உருட்டுங்க! வாயக் கோணுங்க! பத்தாது, இன்னும் கோணுங்க!"

நாற்பத்திரண்டு பேரும் மனதாரக் கோணினார்கள். முன்வரிசையில் ரஞ்சிதா மட்டும் தன் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்து அந்தக் கோலத்தில் ஒரு செல்பி பிடித்துக்கொண்டாள். பிரகதாம்பாளுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். இயக்குநர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"யாருக்கா பாக்கெட் வச்சது?"

"நாந்தான் தம்பி."

"நோயாளிக்கு எதுக்குக்கா பாக்கெட்?"

"சீப்பு வைக்க. வீட்டு நம்பர் எழுதுன சீட்டு வைக்க."

"பைத்தியத்துக்கு எதுக்குக்கா சீப்பு?"

"நான் எழுபத்து மூணு நாளு உள்ள இருந்தவ தம்பி. எனக்குத் தெனம் காலைல தலை சீவணும்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வெற்றிசெல்வன் பேச்சு சுவாரசியத்தில் மெகாபோன் மைக்கை அவள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தான், சுவிட்ச் போட்டபடி. 'தலை சீவணும், சீவணும்' என்று மெக்கானிக்கல் லேப் திருப்பிச் சொன்னது.

நாற்பத்திரண்டு பேரும் உருட்டிய கண்ணை உருட்டியபடியே நிறுத்தினார்கள். அவர்களில் முப்பது பேராவது அவளிடம் முதுகைக் காட்டி நின்றவர்கள்.

5

அடுத்து: ஒருத்தி பின் ஒருத்தியாக அவர்கள் மெல்ல விலகி—

"அப்பிடியெல்லாம் நடக்கல சார்."

அல்லது: எல்லோரும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கண்ணீர்—

இதற்குப் பதிலாகப் பதினோரு விநாடிச் சிரிப்பு மட்டும் வந்தது. வார்த்தையே இல்லை.

நடந்தது இதுதான். ரஞ்சிதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யக்கா, அப்ப அந்தப் புரோட்டாக் கடை?"

"இல்லடி."

"பனியன் கம்பெனி?"

"அதுவும் இல்ல."

"சூப்பர்வைசர் கணேஷ்?"

"அப்பிடி ஒரு ஆளே இல்லடி."

"அடிப் பாவி! அந்தாளுக்குச் சக்கரை கொறையணும்னு எங்கம்மா வெளக்குப் போட்டுச்சேக்கா!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பிரகதாம்பாள் தான்தான் என்கிறாள். விசாரித்ததில் ரஞ்சிதாவும் தான்தான் என்கிறாள். அங்கியின் நாடாக்கள் அவிழ அவிழச் சிரித்தார்கள். ஒருத்தி கட்டிலில் விழுந்தாள். கட்டில் அட்டையில் செய்தது, மடங்கிப் போயிற்று. லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் லைட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்.

வெற்றிசெல்வன் மட்டும் சிரிக்கவில்லை. மெகாபோனை அணைத்துக் கீழே வைத்தான். "சாரிக்கா. அந்த வார்த்தய நான் சொல்லிருக்கக் கூடாது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, ஒங்களுக்குக் கொரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொல்லுச்சு? யாரையாச்சும்..."

"அளவு சொல்லுச்சு தம்பி."

அவனுக்கு விளங்கவில்லை.

"பிளவுஸ் அளவு. மார்பு முப்பத்தாறு, தோளு பதினாலு, கை ஒம்போது. நிக்கவே நிக்காது. திங்கிறப்பயும் சொல்லும், குளிக்கிறப்பயும் சொல்லும். யாரு அளவுன்னு தெரியாது. எழுதி வச்சா நிக்குமோன்னு அடுப்பங்கரைச் செவுரு பூரா கரியால எழுதுனேன். அது அடுத்த ஆளு அளவ ஆரம்பிச்சிரும். ஒம்போது நாளு கண்ண மூடல."

"இது என் கதைய விடப் பயமா இருக்குக்கா," என்றான் வெற்றிசெல்வன்.

"ஆமா. இதுக்குள்ள எதுக்குத் தம்பி கத்தியும் கொலையும்?"

6

மூன்றாவது கதையை அன்றே கிழித்தான். புதிதாக இரண்டே பக்கம் எழுதினான். சனிக்கிழமை பிரகதாம்பாளே அதில் நடித்தாள். கட்டிலுக்கு அடியில் வெற்றிசெல்வன் படுத்துக்கொண்டு நிறுத்தாமல் அளவு படிப்பான். அவள் மேலே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

அவன் படிக்க ஆரம்பித்தான். பதினோரு வருடம் ஒரே அடியில்—

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.]

பிறகு, யாரும் எழுதித் தராத ஒன்றைச் செய்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தையல்கடையில் வாடிக்கைக்காரியைக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"அளவெல்லாம் சரி. துணி எங்க?"

பேய் சிரித்துவிட்டது. கட்டில் குலுங்கியது. கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அந்த இடம் வந்ததும் பேய் சிரித்தது. ஏழு தடவை வீணாயிற்று. எட்டாவதில்தான் யாரும் சிரிக்கவில்லை, ஓய்ந்துபோயிருந்தார்கள்.

அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் குரல் போயிருக்குமா என்று நான் கேட்டேன். வாத்தியார் புத்தி.

"அப்பக் கேக்கத் தெரியாது சார். ஊசி போட்டு, மாத்திர குடுத்து, தூங்க வச்சாங்க. தூங்கி எந்திரிச்சாத்தான் கேள்வியே வரும். இப்பவும் ராத்திரிக்கு ஒரு மாத்திர போட்டுக்கிறேன். அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.

7

திங்கட்கிழமை கடையைத் திறந்தாள். செய்தி அதற்குள் ஊருக்குள் போயிருந்தது. ஆத்மநாதன் முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"பதினோரு வருசமாக் கட்டிக் காத்தேன். ஒரு நிமிசத்துல திருப்பூரயே இடிச்சிட்ட."

"கோவமா?"

"கணேஷுதான் பாவம்," என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியை எடுத்தார்.

பன்னிரண்டு மணிவரை ஒருவரும் வரவில்லை. மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். துடைத்தாள். துடைத்த மிஷினுக்கு மறுபடி எண்ணெய் விட்டாள். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் வேகமாகச் சொன்னாள். நானும் வேகமாகவே கடந்துவிடுகிறேன்.

பன்னிரண்டரைக்கு ரஞ்சிதா ஒரு பிளவுஸ் துணியோடு வந்தாள். வழக்கமாகக் கொண்டுவரும் அளவு ஜாக்கெட் இல்லை.

"அளவு எடுக்கட்டாடி?"

"எடுக்கா."

முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். டேப் தோளில் பட்டதும், அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"எந்தம்பி வசந்தகுமாரு நாலு மாசமா ரூம விட்டு வெளிய வரலக்கா. ராவும் பகலும் யார் கூடவோ பேசுறான். ஊருல கேட்டா சென்னைல இருக்கான்னு சொல்லிக்கிட்டிருக்கோம். அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுல போகணும்?"

பிரகதாம்பாள் பஸ் சொன்னாள். எந்தக் கவுண்டரில் சீட்டு வாங்க வேண்டும், எந்த டாக்டர் கோபிக்காமல் பேசுவார், டப்பாவில் என்ன கட்டிக்கொண்டு போக வேண்டும், எல்லாம் சொன்னாள். அளவையும் மறக்காமல் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் இன்னும் நாலு பேர் அளவு ஜாக்கெட் இல்லாமல் வந்தார்கள். அவர்களில் இரண்டு வீட்டாரை ஆத்மநாதனே முதல் டிரிப்பில் ஏற்றி, புதுக்கோட்டையில் வேறு பஸ் மாற்றிவிட்டு வந்தார். பேசவில்லை. அவர் பேச வேண்டிய பொய் தீர்ந்துவிட்டது.

[இங்கேயே முடித்துவிடுங்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் படம் பாக்கி இருக்கிறது.]

8

தயாரிப்பாளர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாராம். 'துணி எங்க' என்ற வரியை எடுத்துவிட வேண்டும். பேய்ப்படத்தில் சனம் சிரித்தால் படம் போச்சு. எடுக்க முடியாது என்றான் வெற்றிசெல்வன். கடைசியில் யார் வென்றது என்று அவன் எங்களிடம் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை, புதுக்கோட்டையில் ஒரு தியேட்டரில், காலை பத்து மணிக்கு முன்னோட்டக் காட்சி. முதல் இரண்டு வரிசை பூராவும் அந்த நாற்பத்திரண்டு பேர். ஏழாவது வரிசையில் ஆத்மநாதன், பிரகதாம்பாள், நான். மற்றபடி அரங்கம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"சிரிச்சா நல்லதுதான் சார். ஆனா நான் கேட்டதுக்குச் சிரிக்கிறது வேற, என்னயப் பாத்துச் சிரிக்கிறது வேற. காதுல விழுந்தாத் தெரிஞ்சுரும்."

முதல் கதைக்கு இரண்டு பேர் அலறினார்கள். இரண்டாவதில் ஒருவர் எழுந்து போய்விட்டார். மூன்றாவது கதை வந்தது. சுவர் அளவுக்குப் பிரகதாம்பாளின் முகம். "எம்புட்டுப் பெரிய மூக்கு!" என்று பக்கத்தில் முனகினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் ஆரம்பித்தது. மார்பு முப்பத்தாறு. தோள் பதினாலு. யாரும் அசையவில்லை. ஆத்மநாதன் திரையைப் பார்க்காமல் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவள் குனிந்தாள். வாய் திறந்தது.

வெட்டவில்லை! பயல் வெட்டவில்லை!

அடுத்து அரங்கத்தில் என்ன சத்தம் கேட்டது என்று நான்கு விதமாக எழுதிப் படித்து அனுப்பினேன். அதில் உண்மையும் ஒன்று. முதல் தடவையாகக் குரல் வரவில்லை. எழுத்தில் வந்தது: "இத நீங்க சொல்லாதீங்க சார். படிக்கிறவங்க சொல்லட்டும்."

ஆகவே நான்கையும் அழித்துவிட்டேன். எட்டாவது வரிசையில், எங்களுக்கு நேர் பின்னால், ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். அவள் கேட்டு முடித்துவிட்டாள். இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிரகதாம்பாள் மெல்லத் திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.