எட்டெழுத்து

கட்டிலில் கிடத்தியிருந்த அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அவள் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வாசலில் வந்து நின்றான். ஒன்பது வருடம் கழித்து வருகிறவன், வழி கேட்க வந்த ஆள்போலப் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றான்.

"உள்ள வாடா."

"எப்படிக்கா ஆச்சு?"

"நேத்து காலைல பேப்பர் படிச்சிட்டிருந்தார். தூங்குறார்னு நினைச்சு அம்மா விசிறி வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கா."

அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர் அப்பா. போகும்போதும் விரலிடுக்கில் சிவப்புப் பென்சில் இருந்தது.

அவர்களுடைய குடும்பப் பெயர் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. எட்டெழுத்து. சொன்னால், எதிரில் இருப்பவர் கட்டாயம் "எப்படி, எப்படி?" என்பார். அந்தப் பெயர் அச்சில் எங்கே தென்பட்டாலும் அப்பா வெட்டியெடுத்து நோட்டில் ஒட்டிவிடுவார். நீதிமன்றச் செய்தியில் ஒரு கோழித் திருடன். பழைய கப்பல் பட்டியலில் தனியாகப் பயணம் போன ஒரு விதவை. வண்டுகளைப் பற்றிய ஆய்வு நூலின் அடிக்குறிப்பில் ஒரு பேராசிரியர். துப்பறியும் நாவலொன்றில் நாலாம் பக்கத்திலேயே கொலையாகிறவர். "பாவம், உங்க சொந்தக்காரர் அஞ்சாம் பக்கத்தைப் பாக்கக் கொடுத்துவைக்கலை" என்று அம்மா அன்று முழுக்கச் சிரித்தாள்.

சினிமாவில் ஒலிப்பதிவாளனான தம்பி, திரையில் போட வசதியாக முதல் மூன்றெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டான். "கல்யாணமாகிப் போன உன் அக்காவே அந்தப் பேரைச் சுமக்குறா. உனக்கென்னடா பாரம்?" என்று அப்பா கேட்டதுதான் அவர்களுக்குள் கடைசிப் பேச்சு.

இரங்கல் அறிவிப்புக்குப் புகைப்படம் தேடி அவள் அலமாரியைத் திறந்தாள். நோட்டுதான் முதலில் கையில் வந்தது. அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

திரைச்சீலை வழியே மதிய வெயில் பாலாக இறங்கியிருந்தது. இருவரும் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினார்கள். விசிறிச் சத்தத்தில் அவளுக்குக் கண் சொருகியது. கூடத்தின் காலி நாற்காலிகளில் விதவை வந்து அமர்ந்தாள். பேராசிரியர் செருப்பைக் கழற்றினார். கோழித் திருடன் தலையைக் குனிந்துகொண்டு மூலையில் நின்றான். துக்கம் கேட்க அவர்களாவது வந்தார்களே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"அக்கா, இது என்ன?"

கண்ணைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் ஏதோ சினிமாவின் விளம்பரத் தாள். அதன் அடியில், பொடி எழுத்துப் பட்டியலில் தம்பியின் மூன்றெழுத்து. பக்கத்தில், விடுபட்டதைச் செருகும் சிவப்புக் கூரைக்குறி போட்டு, மீதி ஐந்தெழுத்தையும் அப்பா ஓரத்தில் எழுதியிருந்தார். பிறகு அதை அடித்திருந்தார். அச்சிலிருந்த மூன்றெழுத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள்.

"முதல்ல திருத்தியிருக்கார். அப்புறம் அதை வேண்டாம்னுட்டார்."

"புள்ளி எதுக்கு?"

"அச்சகத்துல அப்படித்தான் குறிப்பாங்க. இருக்கிறது இருக்கட்டும், கை வைக்காதீங்கன்னு அர்த்தம்."

"எப்போ ஒட்டினார்?"

"தேதி போடலையேடா."

அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மகன் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்துவிட்டு, "ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அந்தத் தாளின் ஒரு முனை பசை விட்டு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அவன் கட்டைவிரலால் அதை அழுத்தினான். விரலை எடுத்ததும் மறுபடி எழும்பியது. எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.