கமலாதேவியின் முறை

பெட்டியில் இருந்த இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள் கமலாதேவி. வெடிப்பு விழுந்த தட்டு மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இவை எல்லாம் நன்றாகத்தான் ஒலித்தன. ஆனால் எல்லாமே தேவாலயப் பாட்டும் வால்ட்ஸ் நடன இசையும்.

"இவ்வளவுதானா அஸீம்?"

"இவ்வளவுதான் அக்கா. ஜாஸ் ஒண்டும் இல்ல." கிராமபோன் சாவியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கமலாதேவி துறைமுக அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரித்தானியக் கடற்படைக் காலத்துக் களஞ்சியம் ஒன்றைத் துப்புரவாக்கியபோது, எறியக் கிடந்த தட்டொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒன்றின் பேச்சை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடின. சண்டையா கொண்டாட்டமா என்று பிடிபடவில்லை. அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்டாள். கிண்ணியாவில் படகு இயந்திரம் திருத்தும் அஸீமுக்கும் அதே பைத்தியம் என்று பிறகுதான் தெரிந்தது. மாலுமிகள் விட்டுப்போன ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளைத் தேடி இருவரும் பல வருடங்களாக அலைகிறார்கள். நல்ல தட்டுக் கிடைத்தால் ஒருமுறை அவளுக்கு, அடுத்த முறை அவனுக்கு. சனிக்கிழமை பின்னேரங்களில் அவளுடைய வீட்டில் இருந்து கேட்பார்கள்.

இந்தத் தடவை அவளுடைய முறை. உட்துறைமுக வீதியில் பழைய வீடொன்றை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்த கீர்த்தனி என்ற பெண்தான் பெட்டியைத் தருவதாகச் சொன்னாள். கமலாதேவிக்குக் காய்ச்சல். அஸீம் தனியே போய் எடுத்து வந்தான்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு அவன் போன பிறகு உறைகளை வெயிலில் காய வைத்தபோது, ஒன்று வெறுமையாக இருந்ததைக் கண்டாள். அமெரிக்கக் கொம்பனி ஒன்றின் தடித்த தாள் உறை. வெளியே ஒட்டியிருந்த தூசியில் புதிதாக விரல் தடம். உள்ளே தட்டு இருந்த வட்டம் கறையில்லாமல் பளிச்சென்று இருந்தது.

உடனே தொலைபேசியில் அழைத்தாள்.

"ஒரு உறை வெறுமையாக் கிடக்கு, அஸீம்."

"பழைய ஊடுதானே அக்கா. ஆராவது உடைச்சிருப்பாங்க."

அவள் சொல்லி முடிக்க முன்னமே பதில் வந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. சல்லிக் கடற்கரையில் ஒரு படகு பழுதாகி நிற்கிறதாம், இயந்திர வேலையாம். கமலாதேவி தட்டு அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். தோப்பூரில் ஒரு தட்டு வளைந்துபோனது என்று சொன்னானே, அதை அவள் கண்ணால் கண்டாளா? மூதூர்ப் பெட்டியை யார் முதலில் திறந்தது? இத்தனை வருடமாக ஒருநாளும் கேட்காத கேள்விகள். கொழும்பில் இப்படியான தட்டுகளுக்கு ஆசைப்பட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். யாருக்காவது கொடுத்துவிட்டானோ?

திங்கட்கிழமை கீர்த்தனியிடம் போனாள்.

"அந்தப் பொம்பிளை பாடின தட்டு நல்லா இருக்கா அன்ரி?" என்று கீர்த்தனியே கேட்டாள். "அஸீம் அண்ணை கொண்டுவந்த மெசின இதிலேயே வச்சுப் போட்டவர். கரகரத்த குரல். முடிஞ்சவுடன திரும்பவும் போட்டவர்."

"ஓம் பிள்ளை, நல்லா இருக்கு" என்றாள் கமலாதேவி. அங்கிருந்து நேரே கிண்ணியா பஸ்ஸில் ஏறினாள்.

அஸீமின் வீட்டு வாசல் படலைக்கு வரும்போதே பாட்டுக் கேட்டது. பியானோ தயங்கித் தயங்கி நடக்க, அதற்குச் சற்றுப் பின்னால், அவசரமே இல்லாமல், ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். வரியின் கடைசிச் சொல்லை அவள் விட்டுவிட, ட்ரம்பெட் அதை எடுத்து முடித்தது. கமலாதேவியின் கை படலைக் கொளுக்கியிலேயே நின்றுவிட்டது. கோபத்தோடு வந்தவள் பாட்டு முடியும்வரை அசையவில்லை.

உள்ளே கிராமபோனுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தவள் அஸீமின் மனைவி றஹ்மா. பழைய பாட்டென்றாலே காதைப் பொத்துகிறவள்.

"வாங்க அக்கா, இரிங்க. இவர் சொல்லவே இல்லியே நீங்க வாறதெண்டு."

முற்றத்தில் இயந்திரம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த அஸீம் எழுந்து வந்தான்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள் கமலாதேவி.

"இருவது வருசமா இந்த மெசினத் தூக்கி எறியச் சொன்ன மனிசி அக்கா. அண்டைக்கி பெட்டிய முதல்ல ஊட்டுக்குக் கொண்டுபோய் இந்தத் தட்டப் போட்டன். குசினிக்குள்ள இருந்து ஈரக்கையோட வந்து, இன்னொருக்காப் போடுங்க எண்டா. பிறகு எப்பிடி உங்களுக்கிட்டக் கொண்டாறது?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா தந்திருப்பீங்களா?"

தந்திருப்பேன் என்ற சொல் வாய்வரை வந்தது. அது உண்மையில்லை.

"இல்லை. தந்திருக்க மாட்டன்."

"தெரியும். அதான் கேக்கல்ல."

றஹ்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது அக்காட முறையா? எனக்கிட்ட உங்கட முறை எண்டுதானே சொன்னீங்க!" அவள் தட்டைத் தூக்கி ஒரு துவாயில் சுற்றிக் கமலாதேவியின் மடியில் வைத்தாள். "கொண்டு போங்க அக்கா. பொய் சொல்லி வந்த சாமான நான் கேக்க மாட்டன்." பிறகு புருசன் பக்கம் திரும்பவேயில்லை.

வேண்டாம், வைத்திருங்கள் என்று கமலாதேவி சொல்லவில்லை. தட்டை வாங்கிக்கொண்டாள். பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து புது ஊசி போட்டு ஒருமுறை கேட்டாள். பாட்டு அதே பாட்டுத்தான். ஆனால் அந்தக் கதிரையில் இருந்தவளின் முகம் திரும்பத் திரும்ப நினைவில் வந்து நின்றது. மறுநாள் றஹ்மாவுக்கு அழைத்தாள்.

"சனிக்கிழமை நீங்களும் வாங்கோ. தட்டின்ர மற்றப் பக்கம் நான் இன்னும் போடேல்லை. சேர்ந்து கேப்பம்."

றஹ்மா வந்தாள், பின்னால் அஸீமும். மற்றப் பக்கத்தில் அதே பெண் துள்ளலாக, சிரித்துச் சிரித்துப் பாடினாள். றஹ்மாவுக்கு அது பிடிக்கவில்லை. முதல் பக்கத்தையே திரும்பவும் போடச் சொன்னாள். கமலாதேவி போட்டாள்.

பாட்டு முடிந்ததும் அஸீம் தொண்டையைச் செருமினான். "சம்பூர்ப் பக்கம் ஒரு ஊட்டில ஒரு பெட்டி இருக்காம் அக்கா. நான் போய்..."

"நானும் வாறன்" என்றாள் கமலாதேவி.

"ஓம்" என்றான் அவன். "நீங்களே திறந்து பாருங்க."

அதைக் கேட்ட பிறகுதான் றஹ்மா முன்னால் ஆறிக் கிடந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.