நிழல் விழாத மாடி

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவில் வைத்த பட்டப்பெயர் கெஜட். அரசாங்கம் எந்த உத்தரவு போட்டாலும் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, டீ குடிக்க வருகிற டிரைவர்களையும் கண்டக்டர்களையும் நிறுத்தி வைத்து விளக்குவார். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு விளக்கம் கேட்க நான் ஒருத்திதான் மிச்சம். நான் காய் நறுக்கினாலும் சரி, துணி துவைத்தாலும் சரி, பக்கத்தில் நின்று ஏதாவது ஒரு துறையின் சுற்றறிக்கையை வாசிப்பார். நானும் 'உம்' கொட்டுவேன். பாதி காதில் விழும், மீதி அடுப்பில் விழும்.

அப்படித்தான் ஒரு நாள் சோலார் வந்தது. மாடியில் பேனல் போட்டு, வருகிற கரண்டை அப்படியே மின்வாரியத்துக்கு விற்கலாமாம். இருபது வருஷத்துக்கு ஒரே விலையாம். ஆனால் அந்த விலை மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும். பேனல் விலை எல்லா ஊரிலும் சரிந்துகொண்டே வருவதால், முந்தி வருகிறவர்களுக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்கும், பிந்தி வருகிறவர்களுக்குக் கிள்ளிக் கொடுக்கும் என்றார். ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்த பணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. மனுஷனுக்குக் கை பரபரத்தது.

இந்த இடத்தில் எங்கள் மாடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வீடு என் மாமனார் கட்டியது. முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் என் கொழுந்தன் குடும்பம், நடுவில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. எங்கள் பையன் வேலை கிடைத்து வெளியூரோடு போய்விட்டான். கொழுந்தனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பின்பக்கத்தில் இருப்பதோ ஒரே அறை. மேலே இரண்டு அறை கட்டிக் கொழுந்தனுக்குக் கொடுப்பது என்று மாமனார் இருக்கும்போதே பேச்சு. அதற்காகத்தான் தூண் கம்பிகளை வெட்டாமல் மாடிக்கு மேலே ஆள் உயரத்துக்கு நீட்டி விட்டிருந்தார்கள். கொழுந்தன் லேத் பட்டறைக்காரர், இரும்பின் குணம் தெரிந்தவர். மழைக்காலம் வருவதற்கு முன்னால் மாடியேறி ஒவ்வொரு கம்பிக்கும் சிமெண்டுப் பால் பூசுவார். கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல அவ்வளவு பக்குவமாக இருக்கும்.

அந்தக் கம்பிகளில் கயிறு கட்டித்தான் நானும் என் ஓரகத்தியும் துணி காயப் போடுவோம். ஓரகத்தி என்று பேருக்குத்தான். நான் பெறாத தங்கை அவள். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெட்டவெளியில் வாயாலேயே வீடு கட்டுவாள்.

"இங்க ஜன்னல் வருதுக்கா. பெரியவ இங்க உக்காந்து படிப்பா. சின்னவ இங்க உக்காந்து அவளைப் படிக்க விடாம பண்ணுவா."

"எனக்கு எங்கடி எடம்?"

"நீங்க கீழயே இருங்க தாயே. மேல வந்தா அங்கயும் என்னை வேலை வாங்குவீங்க."

சோலார் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். போனை ஆகாயத்துக்குக் காட்டி மாடி முழுக்கச் சுற்றினாள். எந்த மாதம், எந்த நேரம், எங்கே நிழல் விழும் என்று அதில் தெரியுமாம்.

"சார், இந்தக் கம்பிங்க இருக்கக் கூடாது. துணிக் கயிறும் கூடாது. ஒரு பேனல்ல கோடு மாதிரி நிழல் விழுந்தாக்கூட அந்த வரிசையே படுத்துக்கும்" என்றாள். பிறகு, "மேல ரூம் எதாச்சும் கட்டுற ஐடியா இருக்கா சார்?" என்று கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்போதைக்கு இல்லம்மா" என்றார்.

அவள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"இருபது வருஷ ஒப்பந்தத்துல இப்போதைக்கு எங்கங்க வருது?"

"வருமானம் வந்தா அவனுக்கும்தானே? வேற எதாவது வழி பண்ணிக் குடுக்கலாம்."

"அதை அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்களேன்."

"மாசம் முடியப் போகுதுடி. அவன் பட்டறையில வேலை கழுத்தை நெரிக்குது. கையெழுத்தைப் போட்டுட்டு அப்புறம் சொல்லிக்கலாம்."

அந்த 'அப்புறம்' வந்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கொழுந்தன் பட்டறையிலிருந்து வந்து, குழாயடியில் கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் பின்னால் போய் நின்றார்.

"தம்பி, உன் கட்டிங் மிஷின் ஞாயித்துக்கிழமை சும்மா இருக்குமா?"

"இருக்கும்ணா. எதுக்கு?"

"மேல அந்தக் கம்பியெல்லாம் எடுக்கணும். நிழல் விழுதாம்."

கொழுந்தன் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குழாயை மூடிவிட்டு, "சரிண்ணா" என்றார். அவ்வளவுதான். தம்பிக்கு விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது என்று இவர் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனே கண்ணாடி மாட்டிக்கொண்டு கம்பிகளை அறுத்தார். நெருப்புப் பொறி பறந்தது. இவர் வயரைத் தூக்கிப் பிடித்தபடி திட்டத்தின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். மிஷின் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. எல்லாக் கம்பியும் விழுந்த பிறகும் கொழுந்தன் எழுந்திருக்கவில்லை. தரையோடு மிச்சமிருந்த முனைகளை அரம் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அது எதுக்குடா? போதும் வா" என்றார் இவர்.

"பேனல் மாட்ட வர்றவங்க கால்ல குத்தும்ணா."

நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த மனுஷன் மிஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்திருந்தால்கூடச் சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகியிருக்கும். ஓரகத்தி மாடிக்கே வரவில்லை. சமையலறையில் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

பேனல்கள் வந்தன. மாடி முழுக்கக் கறுப்புக் கண்ணாடி விரித்த மாதிரி ஆகிவிட்டது. துணியெல்லாம் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள சந்துக்கு வந்தன. அங்கே ஒரு ஆள்தான் நிற்க முடியும் என்பதால் எங்கள் பேச்சும் குறைந்தது. இவரோ சாயங்காலம் ஆனால் மீட்டர் முன்னால் போய் நிற்பார். மேகம் போட்டால் முகம் வாடும், வெயில் அடித்தால் ஊரே திட்டும்போது இவர் மட்டும் சிரிப்பார். மின்வாரியத்திலிருந்து முதல் தடவை பணம் வந்ததும் நேராகக் கடைக்குப் போய், தம்பி பெண்கள் படிக்க இரண்டு மேஜை வாங்கி வந்தார். நல்ல மேஜைகள்தான். பின்பக்க அறைக்குள் போட்டால் கதவு திறக்கவில்லை. அதனால் நடையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்தோம். போகும்போதும் வரும்போதும் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டோம்.

கொஞ்ச காலம் கழித்துக் கொழுந்தன் வந்து, பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வாடகை பேசியிருப்பதாகச் சொன்னார்.

"பெரியவளுக்குப் பரீட்சை வருதுண்ணா. எனக்கும் பட்டறைக்கு அலையுற அலைச்சல் மிச்சம்."

சண்டை இல்லை, சத்தம் இல்லை. இவரும் அதை அப்படியே நம்பினார். "ஆமா, அவனுக்கு அதான் வசதி" என்று என்னிடமே சொன்னார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கிளம்புகிற அன்று நானும் ஓரகத்தியும் சமையலறையில் பாத்திரம் பிரிக்க உட்கார்ந்தோம். எது யார் வாங்கியது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒரு குண்டானை நான் அவள் பக்கம் தள்ளுவேன், அவள் என் பக்கம் தள்ளுவாள். கடைசியில் அவள் எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. நான் புதுசா வாங்கிக்கிறேன்."

ஒரு கரண்டிகூட எடுக்காமல் போனாள். அதற்குப் பிறகு போனில்தான் பேச்சு. வீடு என்னவோ அதே ஊரில்தான், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். இவர் அழைத்துப் போவார், போவார் என்று நானும் இருந்தேன். தம்பி வந்து கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார்.

அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது. கெஜட்டுக்கே தெரியாமல் கெஜட் வந்துவிட்டது என்று நான் சிரித்திருப்பேன், அவர் முகத்தைப் பார்த்திராவிட்டால். அரசாங்கம் கொள்கையை மாற்றிவிட்டதாம். சந்தையில் சோலார் கரண்ட் மலிவாகக் கிடைக்கும்போது பழைய ஆட்களுக்கு மட்டும் எதற்கு அந்த விலை என்று, வாங்குகிற விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டார்கள். மானியமெல்லாம் இனிமேல் சொந்த உபயோகத்துக்குச் சின்னதாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தானாம். அதுவரை எங்களைப் பார்த்துச் சும்மா இருந்த எதிர்வீட்டுத் தையல்காரர், கடையில் இறங்கின விலைக்கு நாலு பேனல் வாங்கி, அதற்கும் மானியம் வாங்கி, மிஷினை ஓட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். விலை மாற்றத்துக்கு உட்பட்டது என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்ததாம். இவர் அதைப் படித்துத்தான் இருந்தார். எல்லாவற்றிலும் அப்படி ஒரு வரி போடுவார்கள் என்று விட்டுவிட்டார்.

மனு மேல் மனு எழுதினார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். போகிற இடத்திலெல்லாம், "நாங்க என்ன சார் பண்றது, மேலிடத்து உத்தரவு" என்றார்கள். மீட்டர் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அரசாங்கம் வாக்குக் கொடுத்தால் அது கல்லில் எழுதினது என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்த மனுஷன். திட்ட வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வராமல் போயிற்று. பாவமாக இருந்தது.

ஒரு காலையில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"பேனலைக் கழட்டி வித்துடலாம். மேல ரூம் கட்டலாம். தம்பியைக் கூட்டிட்டு வந்துடலாம்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "ஒப்பந்தம் என்னாகிறது?" என்று கேட்டேன். விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று புது உத்தரவிலேயே இருக்கிறதாம். கம்பி வெட்டின தூணில் துளை போட்டுப் புதுக் கம்பி நடலாம் என்று மேஸ்திரியிடமும் விசாரித்துவிட்டாராம். உடனே புடவை மாற்றிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

கொழுந்தன் வீடு ஒரு பழைய கட்டிடத்தின் மேல்தளத்தில் இருந்தது. படி செங்குத்து. பெரியவள்தான் கதவைத் திறந்தாள். "பெரியம்மா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்னைவிட உயரமாகிவிட்டிருந்தாள். தனக்கென்று இருந்த அறையைக் காட்டினாள். பாயும் புத்தகமும் வைக்கத்தான் இடம், ஆனால் கதவு இருந்தது, உள்ளே தாழ்ப்பாளும் இருந்தது. ஓரகத்தி டீ போட்டு எடுத்து வந்தாள். டம்ளர்கள் எல்லாம் புதிது.

இவர் நேராக விஷயத்துக்கு வரவில்லை. புதுக் கொள்கை என்ன, பழைய விலை என்ன, எந்தத் துறை எதை எப்போது மாற்றியது என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினார். கொழுந்தன் குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான், "அதனால மேல உனக்கு ரூம் கட்டிடலாம்டா. வந்துடுங்க" என்றார்.

கொழுந்தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவங்க இங்க பழகிட்டாங்கண்ணா."

"அட, நம்ம வீடு இருக்கும்போது வாடகை எதுக்குடா? கவர்மெண்டு இப்படிக் கழுத்தறுக்கும்னு யாரு கண்டா?"

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? ரேட்டு குறையாம இருந்திருந்தா இன்னைக்கு வந்திருப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஏதோ அளவு சரியா என்று பார்க்கிற மாதிரிதான் கேட்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வந்திருப்பேன்டா என்று ஒரு வார்த்தை, பொய்யாகவாவது சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இவருக்குப் பொய் வராது. நெற்றியைத் தேய்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"அது… இருபது வருஷ ஒப்பந்தமாச்சேடா" என்றார்.

"அதாண்ணா" என்றார் கொழுந்தன். பிறகு எழுந்து, இவர் தோளைத் தொட்டு, "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் வந்திருப்பேன் தம்பி" என்றேன். "சத்தியமா சொல்றேன், ரேட்டு ஏறினாலும் இறங்கினாலும் நான் வந்திருப்பேன்." ஓரகத்தி பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியாதாடி?" என்றேன்.

அவள் காலி டம்ளர்களை எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வருவீங்கன்னுதான்க்கா இருந்தேன்" என்றாள். "குடி வந்த புதுசுல படியில யாரு கால் சத்தம் கேட்டாலும் எட்டிப் பாப்பேன். அப்புறம் பாக்கிறதை விட்டுட்டேன்."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.